மெருகின் வரலாறும் மலைநாட்டு மோட்டார் சைக்கிளும்

பயன்படு பொருளைப் பொலிவோடு வைத்திருக்க விழைவது மனித இயல்பு. பச்சை மட்கலத்தைக் கூழாங்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கிய பண்டைக் குயவனும், அட்டன், நுவரெலியாப் பகுதிகளில் ஓய்வு நாளன்று லயத்து வாசலிலே மோட்டார் சைக்கிளைத் துடைத்து மினுக்கும் இக்கால இளைஞனும் இவ்வகையில் ஒரு மரபினரே. அம்மரபு மலைநாட்டை எவ்வழியால் வந்தடைந்தது என்பதையும், அதன் வரலாற்றை அறிதல் இன்றைய வேலைக்கு எவ்வாறு துணைசெய்யும் என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெருகு என்பது யாது என முதற்கண் தெளிதல் வேண்டும். ஒரு பரப்பு மிகச் சமமாயிருப்பின் அதன்மீது விழும் ஒளி ஒரே திசையில் தெறித்து மீளும்; அதையே பளபளப்பு என்கின்றோம். அப்பரப்பிலே நுண்ணிய கீறல்களும் குழிகளும் தோன்றின் ஒளி பல திசைகளிலும் சிதறும். நிறம் வெளிறியதுபோலத் தோன்றும். ஆகவே, மெருகூட்டுவோன் செய்யும் வேலை முதலாவதாகப் பரப்பைச் சமப்படுத்தலேயாம். எண்ணெயோ மெழுகோ பூசுதல் அதன் பின்னர் வருவது.

இவ்வுண்மையை மலைநாட்டுக் கைவினைஞர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். மத்திய மாகாணத்தின் வடபாலுள்ள மாத்தளைப் பகுதியில் ஹப்புவிட என்னும் ஊர் அரக்கு வேலைக்குப் பெயர்பெற்றது. அரக்கு ஒருவகைச் சிறு பூச்சி மரக்கிளைகளிற் சுரக்கும் பிசின். அது வெப்பத்தால் எளிதில் இளகும், தீயும் பற்றும். பாண்டவரை அழிக்க அரக்கு மாளிகை அமைக்கப்பட்ட கதையும் இவ்வியல்பைப் பற்றியே எழுந்தது. கடைசற் பட்டறையிற் சுழலும் மரத்தின்மீது நிறமூட்டிய அரக்குக் கோலை அழுத்த, உராய்வின் வெப்பத்தால் அரக்கு இளகி மரத்திற் படியும். பின்னர் ஓலை நறுக்கினால் அழுத்தித் தேய்க்க, பரப்புச் சமமாகி மெருகு தோன்றும். இளக்கிய அரக்கை இழையாக இழுத்துப் பெருவிரல் நகத்தாற் கிள்ளி ஒட்டும் வேலையும் அவ்வூரார்க்கு உரியது. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டு வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் இத்தொழில் விரித்துரைக்கப்பட்டுள்ளது.

அக்காலத்தே கீழை நாட்டின் மற்றொரு மெருகு மேலை நாட்டினரை மயக்கியிருந்தது. சீனத்திலும் யப்பானிலும் ஒருவகை மரப்பாலைப் பல படைகளாகப் பூசி உலர்த்தித் தேய்த்து, கண்ணாடி போன்ற கருநிறப் பரப்பை ஆக்கினர். அம்மரப்பால் ஐரோப்பாவிற் கிடைக்கவில்லை. ஆகவே வேறு பிசின்களைக்கொண்டு அதனைப் போன்று செய்ய முயன்றனர். அம்முயற்சிக்கு யப்பானின் பெயரையே இட்டனர். அக்கலையைக் கற்பிக்கும் ஆங்கில நூலொன்று 1688ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பேர்மிங்காம் நகரம் இத்தொழிலிற் சிறந்து விளங்கிற்று. அச்செழுத்து வடிவங்களாற் புகழ்பெற்ற ஜோன் பாஸ்கவில் இத்தொழிலாலேயே செல்வம் ஈட்டினார். அவ்வட்டாரத்துப் பட்டறைகள் செய்த பண்டங்களுள் தேநீர்த் தட்டுக்கள் முக்கியமானவை.

பின்னர் அதே வட்டாரத்திலே துவிச்சக்கரவண்டித் தொழிலும் மோட்டார் சைக்கிள் தொழிலும் தழைத்தன. நிலக்கீல், ஆளிவிதை எண்ணெய் முதலியன கலந்த கரும்பூச்சை இரும்புச் சட்டத்தின்மீது பூசிச் சூளையிற் சுட்டு இறுகச் செய்தனர். தேநீர்த் தட்டை அலங்கரித்த கரும்பூச்சு இவ்வாறு வண்டிச் சட்டத்தின்மீது ஏறிற்று. தேயிலை விளையும் நாட்டுக்கே அது வண்டியாக வந்து சேர்ந்தமை வரலாற்றின் விந்தை எனலாம்.

1867ஆம் ஆண்டு லூல்கந்துறையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, மலைநாடு முழுவதும் தேயிலை பரவியது. புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவை அடைந்தது. எனினும், தோட்டத்தின் மலைகளுக்கிடையே செல்லத் துரைமார் குதிரையையே நம்பியிருந்தனர். இருபதாம் நூற்றாண்டில் அதனிடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்தது. சின்னதுரையின் வண்டியொலி கேட்டதும் மலையில் வேலை விரைவுபெறும். அவ்வண்டியின் பளபளப்பு அதிகாரத்தின் பளபளப்பாகவே விளங்கிற்று. அதனைத் துடைத்த கைகளோ அதன்மீது ஏறும் உரிமையற்றவை.

இதற்கிடையே பூச்சின் இயல்பும் மாறிற்று. வெடிமருந்து செய்துவந்த அமெரிக்க டூப்பொன் நிறுவனம் 1923ஆம் ஆண்டு நைத்திரோசெலுலோசுப் பூச்சினை வெளியிட்டது. வாரக்கணக்கில் உலர்ந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. ஆயினும், தெளித்தவுடன் அது நன்கு மினுங்குவதில்லை; நுண்பொடிக் குழம்பால் தேய்த்தே மெருகூட்ட வேண்டும். வண்டியைக் குழம்பிட்டுத் தேய்க்கும் வழக்கம் பரவியதற்கு இதுவே முக்கிய காரணமாகும். அடுத்துச் செயற்கைப் பிசின் பூச்சுக்கள் வந்தன. 1980கள் தொடக்கம் நிறப்படையின்மேல் நிறமற்ற தெளிபடையொன்றையும் பூசும் முறை பெருகிற்று. அத்தெளிபடை மயிரிழையினும் மெல்லியது. அடியிலுள்ள நிறத்தை வெயிலினின்று காப்பதும் அதுவே.

இவ்வேறுபாட்டை அறியாது தேய்ப்பவர் வண்டிக்குக் கேடு செய்கின்றார். ஆகவே, வெள்ளைத் துணியிற் சிறிது குழம்பெடுத்து மறைவான ஓரிடத்திலே தேய்த்துப் பார்த்தல் வேண்டும். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் பூச்சு ஒருபடையினது; வெளிறிய மேற்பரப்பு நீங்க, அடியிலுள்ள புதுநிறம் வெளிப்படும். நிறம் ஏறாவிடின் மேலே தெளிபடை உண்டென்று கொள்ளலாம். அங்கே மிக நுண்ணிய குழம்பே தகும். அடிக்கடி தேய்த்தலும் ஆகாது. தெளிபடை உரிந்துவிட்ட இடத்தை எத்தேய்ப்பும் மீட்காது. மீண்டும் பூச்சிடலே வழி.

மலைநாட்டின் இயற்கையும் கருதத்தக்கது. நுவரெலியா கடல்மட்டத்தினின்று ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. உயரம் ஆயிரம் மீற்றர் கூடுந்தோறும் ஊதாக்கடந்த கதிர்களின் வன்மை ஏறத்தாழப் பத்து வீதம் மிகும். ஆதலின், குளிர்ச்சியான ஊரென்று எண்ணிப் பூச்சை வெயிலில் விடுதல் பிழை. குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் அளவையின் தலைவராயிருந்து ஆராய்ந்த இலங்கைப் பாறைகளிற் படிகக்கல் மிகுதி. அதன் துகள் தெருப்புழுதியிற் கலந்துள்ளது. உலர்ந்த புழுதியைத் துணியால் துடைப்பது பூச்சினைக் கீறுவதேயாகும். முதலில் நிழலிலே நீர் வார்த்துச் சவர்க்காரக் கரைசலாற் கழுவி உலரவிடல் வேண்டும்.

இறுதியிற் பூசும் பொருளிலும் தெரிவு வேண்டும். தேங்காயெண்ணெய் தடவின் அன்றைக்கு மினுங்கும். அது உலரா எண்ணெயாதலின் புழுதியைப் பற்றிக்கொள்ளும். உலர்ந்து படலமாகும் ஆளிவிதை எண்ணெய் பூச்சுத் தொழிலில் இடம்பெற்றதும் தேங்காயெண்ணெய் பெறாததும் இக்காரணத்தாலேயே. தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை செல்சியசில் உருகும். பிறேசில் நாட்டுப் பனையோலையினின்று எடுக்கும் கர்னோபா மெழுகோ 80 பாகைக்கு மேலேயே உருகும். ஆதலின் வெயிலைத் தாங்கும். அதனையும் மெல்லியதாகப் பூசித் துடைத்தலே நன்று.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களுள் எஞ்சியோர் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் உரிமை பெற்றனர். துரையின் வண்டியைத் துடைத்தவரின் பேரப்பிள்ளைகள் இன்று தம் பெயரிற் பதிந்த வண்டியைத் துடைக்கின்றனர். 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இலேயே மீண்டும் திறக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் பழைய வண்டியைப் பேணுவது பலர்க்கு வேலைக்குச் செல்லும் வழியைப் பேணுவதாயிற்று. பூச்சுக் கெட்ட இடத்தில் மழைநீர் தங்கும், இரும்பு துருப்பிடிக்கும். உழைத்துத் தேடிய பொருளை நெடுநாள் காக்கும் அறிவாக மெருகூட்டலைக் கொள்வோமாயின், மாத்தளைக் கைவினைஞனின் ஓலை நறுக்குக்கும் லயத்து இளைஞனின் துணிக்கும் இடையேயுள்ள உறவு தெளிவாகும்.