முந்நூறு எப்படி இருபத்து நாலு ஆச்சு?

எட்டயபுரத்துல இருக்கிற எங்க பெரியம்மாவுக்கு வயசு அறுபதைத் தாண்டிருச்சு. கரிசக்காட்டுல பருத்தி எடுத்து, தண்ணிக்குடம் சுமந்து, மூணு பிள்ளை பெத்த உடம்பு. போன பொங்கலுக்குப் போயிருந்தப்போ, அடுப்படியில வச்சு மெதுவாச் சொன்னாங்க: "இருமுனா, தும்முனா ஒண்ணுக்குச் சொட்டுது தாயி. யாரோ சொன்னாங்கன்னு நாளைக்கு முந்நூறு தடவை இறுக்கிப் பாத்தேன். ரெண்டு மாசமாச்சு, ஒண்ணும் கேக்கல."

அந்த முந்நூறு எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிப் பார்த்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல், 1948-ல் ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளைப்பேற்றில் தளர்ந்துபோகும் இடுப்புத்தளத் தசையை, அதாவது சிறுநீரை அடக்கும்போது உள்ளே இறுகும் தசையை, பயிற்சியால் மீட்கலாம் என்றார். அவர் சொன்ன அளவு: ஒரு முறைக்கு 20 நிமிடம், நாளைக்கு 3 முறை. சுமார் 300 இறுக்கம். நம்ம முந்நூறு இதுதான்!

ஆனா கெகல் எண்ணிக்கையை மட்டும் கொடுக்கல. கூடவே ஒரு கருவியும் கொடுத்தார். உள்ளே வைக்கும் ரப்பர் குமிழ், அதோடு குழாயால் இணைத்த அழுத்தமானி. சரியாக இறுக்கினால் முள் ஏறும், பெண் தன் கண்ணாலேயே பார்க்கலாம். பலருக்கு அந்தத் தசை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்பதுதான் அவர் கண்ட முதல் சிக்கல். பின்னாளில் எண்ணிக்கை ஊர் ஊராய்ப் பரவியது. கருவி பின்தங்கிவிட்டது.

அதன் விளைவு 1991-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் தெரிந்தது. 47 பெண்களுக்கு வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்துச் சோதித்தார்கள். 23 பேர்தான் சரியாகச் செய்தார்கள். 12 பேர் செய்த விதம் கசிவைக் கூட்டிவிடக்கூடியது.

அதற்கு முந்தைய ஆண்டு, நார்வேயில் காரி பூ என்பவர் வெளியிட்ட ஆய்வும் முக்கியம். இரண்டு குழுவுக்கும் ஒரே அளவு: ஒரு முறைக்கு 8 முதல் 12 வலுவான இறுக்கம், நாளைக்கு 3 முறை, 6 மாதம். ஒரு குழு மட்டும் கூடுதலாக வாரம் ஒருநாள் 45 நிமிடம் பயிற்சியாளரோடு செய்தது. நல்ல பலன் அந்தக் குழுவுக்குத்தான்.

இன்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு சொல்வது: குறைந்தது 8 இறுக்கம், நாளைக்கு 3 முறை, 3 மாதமாவது. ஆக, 24. தொடங்கும் முன், தசை சரியாக இறுகுகிறதா என்று பரிசோதிக்கவும் சொல்கிறது. கெகலின் கருவி செய்த வேலையை இப்போது விரல் செய்கிறது.

பெரியம்மாவைக் கோவில்பட்டியில ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். அஞ்சே நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு. பெரியம்மா மேல இழுக்கல, கீழ முக்கிட்டு இருந்திருக்காங்க. நாளைக்கு முந்நூறு தடவை!

இப்ப காலையில காப்பி கொதிக்கிறப்ப எட்டு, மத்தியானம் எட்டு, படுக்கப் போறப்ப எட்டு. அஞ்சு வாரம் ஆச்சு. இன்னும் சொட்டுது, ஆனா குறைஞ்சிருக்காம். "இத அப்பவே யாராச்சும் பாத்துச் சொல்லியிருக்கலாம்ல" என்கிறார். மூணு பிரசவத்திலும் அவரிடம் யாரும் இதைப் பேசியதில்லை.