டிரைவர் இல்லாத வண்டி

ஐயப்பன்தாங்கலில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் மெட்ரோ பாலம் தெரியும். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை சுமார் 26 கிலோமீட்டர் பாதை அது. 2025 மார்ச் மாதம் பூந்தமல்லிப் பக்கம் சோதனை ஓட்டம் தொடங்கியதும் என் மனைவி கேட்டாள்: "ஏங்க, டிரைவர் இல்லாமலே ஓடுமாமே, நாம எப்படிங்க நம்பி ஏறுறது?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்லக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

பழைய ரயில்வே கைகாட்டியை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கை தாழ்ந்தால் வண்டி போகலாம். இழுக்கும் கம்பி அறுந்தால் எடைக்கட்டி கையைத் தானே கிடையாக்கி, 'நில்' என்று காட்டிவிடும். வாக்குவம் பிரேக்கும் அப்படித்தான். குழாய் பிடுங்கிக்கொண்டால் வண்டி நின்றுவிடும். கெட்டுப் போனாலும் பத்திரமான பக்கமாகவே கெட வேண்டும் என்பது அந்தக் காலத்து எஞ்சினியர்களின் கணக்கு.

கம்ப்யூட்டர் வந்ததும் இந்தக் கணக்கு சிக்கலாயிற்று. கம்பி அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். நிரலில் உள்ள தப்பு, அதற்கென்று ஒரு வேளை வரும் வரை ஒளிந்தே இருக்கும்.

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து அரியான் 5 ராக்கெட் முதல் முறையாகக் கிளம்பியது. 40 விநாடிக்குள் சிதறியது. காரணம் ஓர் எண். முந்தைய அரியான் 4-க்கு எழுதிய நிரலின் ஒரு பகுதியை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புது ராக்கெட்டின் வேகத்தில் அந்த எண் பெரிதாகி, ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. ஒன்று கெட்டால் இன்னொன்று என்று இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருந்தும் பயனில்லை. இரண்டிலும் அதே நிரல், அதே தப்பு. இதில் வேடிக்கை, ராக்கெட் தரையை விட்டபின் அந்தக் கணக்கே தேவையில்லை!

குமாஸ்தாவாக இருந்த எனக்கு இது புதிதல்ல. ஒருவர் போட்ட கூட்டலைப் பார்த்து அடுத்தவரும் டிக் அடித்தால், கையெழுத்து இரண்டு இருக்கும். சரிபார்ப்பு ஒன்றுகூட இருக்காது.

டிரைவர் இல்லாத மெட்ரோ பிரான்சின் லீல் நகரில் 1983-லேயே ஓடியது. பாரிஸில் 14-ஆம் எண் பாதை 1998 அக்டோபர் 15 அன்று திறந்தது. அதற்கு மாத்ரா நிறுவனத்தார், ழான்-ரேமோன் அப்ரியால் என்பவர் வகுத்த 'பே' என்ற முறையைக் கையாண்டார்கள். முதலில் வண்டி மீறக் கூடாத விதிகளைக் கணித மொழியில் எழுதுவது. பிறகு நிரல் அந்த விதிகளை எந்த நிலையிலும் மீறாது என்று படிப்படியாக நிரூபிப்பது. பாதுகாப்புக்கான நிரல் மட்டும் சுமார் 86,000 வரிகள். நிரூபணம் முடிந்தபின் நடத்திய சோதனைகளில் அந்தப் பகுதியில் ஒரு தப்பும் அகப்படவில்லை.

படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் ஜியோமிதி கணக்கு முடிந்ததும் கடைசியில் 'செ, க்யு, எஃப், தெ' என்று நான்கு எழுத்து போடுவோம். 'நிரூபிக்க வேண்டியது இதுவே' என்று அர்த்தம். அதைப் போடாவிட்டால் மெஸ்யே மதிப்பெண் குறைப்பார். அந்த நான்கு எழுத்தின் மேல்தான் பாரிஸ்காரர்கள் தினம் பயணம் போகிறார்கள்!

ஆனால் ஒன்று. விதியையே தப்பாக எழுதினால் நிரூபணம் காப்பாற்றாது. ஆகவேதான் நிரலோடு நிறுத்தாமல், பிளாட்பாரத்தில் கதவு, தண்டவாளத்தில் தடை இருந்தால் கண்டுபிடிக்கும் கருவி, கட்டுப்பாட்டு அறையில் விழித்திருக்கும் ஆட்கள் என்று அடுக்கடுக்காக வைக்கிறார்கள். டெல்லியிலும் 2020 டிசம்பர் 28 முதல் டிரைவர் இல்லாத வண்டி ஓடுகிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மனைவி சொன்னாள்: "சரி, ஏறலாம். ஆனா முதல் நாள் வேண்டாங்க, ஒரு மாசம் போகட்டும்."

அவளும் ஒரு சோதனை ஓட்டம் கேட்கிறாள். தப்பில்லை.