வாசிக்கப்படாத கணக்கு

தேவாரம் என்றவுடன் அப்பர், சம்பந்தர், சுந்தரர் என்று மூன்று பேர் உங்கள் ஞாபகத்துக்கு வந்தால் தப்பில்லை. ஆனால் நான் சொல்லப்போவது ஓர் ஊரைப் பற்றி. தேனி மாவட்டம், உத்தமபாளையம் தாலுகா. போடிநாயக்கனூருக்கும் கம்பத்துக்கும் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. ஏலக்காய்த் தோட்டங்கள். விடிவதற்கு முன்னால் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் ஏராளம். போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும்.

தேவாரத்துக்காரர்கள் ரொம்ப காலமாகக் கேட்டுக்கொண்டிருப்பது ஒரு ரோடு. சாக்கலூத்து மெட்டு வழியாக மலையேற ஒரு ரோடு போட்டுக் கொடுங்கள், தோட்டத்துக்குப் போகிற தூரம் குறையும் என்கிறார்கள். கேட்டது ரோடு. வந்தது, அதாவது வருவதாகச் சொல்லப்பட்டது, ஒரு சுரங்கம்.

2015 ஜனவரி 5. பக்கத்து ஊரான பொட்டிப்புரத்தில், அம்பரப்பர் மலையைக் குடைந்து ஒரு நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க மத்திய அரசு ஒப்புதல் கொடுத்துவிட்டதாக டெல்லியிலிருந்து அறிவிப்பு வந்தது. மதிப்பீடு 1500 கோடி ரூபாய். பணம் தரப்போவது அணுசக்தித் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும்.

நியூட்ரினோ என்பது என்ன? சூரியனிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் ஓயாமல் வந்துகொண்டிருக்கிற நுண்துகள். உங்கள் கட்டை விரல் நகத்தின் வழியே விநாடிக்கு ஆறாயிரம் கோடி நியூட்ரினோக்கள் நுழைந்து வெளியே போகின்றன. உங்களுக்குத் தெரிவதில்லை. அதற்கும் உங்களைத் தெரியாது. எதோடும் ஒட்டாத ஜென்மம். அதைப் பிடிக்கவேண்டுமென்றால் மற்ற கதிர்களையெல்லாம் வடிகட்ட வேண்டும். வடிகட்டி வேறொன்றுமில்லை, மலை. தலைக்கு மேலே ஒரு கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை இருந்தால் மற்றவை நின்றுவிடும், நியூட்ரினோ மட்டும் உள்ளே வரும். ஐம்பதாயிரம் டன் காந்த இரும்பை அடுக்கிவைத்து அதன் தடத்தைப் பார்ப்பது என்பது திட்டம். நமக்கு இது புதிதுமல்ல. 1965-லேயே கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தவர்களில் இந்திய விஞ்ஞானிகளும் உண்டு.

ஆக, பெருமைப்பட வேண்டிய விஷயம். பிறகு ஏன் பொட்டிப்புரத்துச் சனங்கள் எதிர்த்தார்கள்?

'படிக்காத ஜனங்கள், பயந்துவிட்டார்கள்' என்று ஒரு பதில் அப்போது சுலபமாகச் சொல்லப்பட்டது. அவர்கள் கேட்டதைக் கொஞ்சம் பாருங்கள். மலையைக் குடைய வெடி வைத்தால் கிணற்றுத் தண்ணீர் என்ன ஆகும்? தோண்டியெடுக்கிற லட்சக்கணக்கான டன் பாறையை எங்கே கொட்டுவீர்கள்? மாடு மேய்க்க மலைக்குப் போகலாமா, கூடாதா? அணுசக்தித் துறை பணம் போடுகிறது என்றால் நாளைக்கு அணுக்கழிவைக் கொண்டுவந்து புதைப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு விஞ்ஞானிகள் 'கிடையவே கிடையாது' என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மற்றவையெல்லாம் ஒரு விவசாயி கேட்கவேண்டிய, கேட்டே தீரவேண்டிய கேள்விகள்.

1500 கோடி என்கிற தொகை ஊருக்கே தெரிந்தது. தொகையோடு சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டிய மிச்சம்தான் நேரத்துக்கு வந்து சேரவில்லை.

இந்த இடத்தில் உங்களை ஆயிரம் வருடம் பின்னால் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அரசாங்கம் ஒரு காரியத்துக்குப் பணம் கொடுத்தால் அதைப் பகிரங்கமாக எழுதிவைக்கிற பழக்கம் தமிழ்நாட்டுக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. கல்வெட்டு என்று நாம் கும்பிட்டுவிட்டு நகர்ந்துபோகிறோமே, அதில் பாதிக்குமேல் மானியக் கணக்குதான்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தான் கொடுத்தது, தன் அக்கா கொடுத்தது, தன் பெண்டாட்டிமார் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான் ராஜராஜன். நகை என்றால் எடை. ஆடல் மகளிர் நானூறு பேர் என்றால் ஒவ்வொருவர் பேரும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும், வருஷத்துக்கு நூறு கலம் நெல் என்பதும். இன்றைக்கு எந்த அரசு இணையதளத்திலாவது பயனாளிகள் பட்டியல் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதா, தேடிப் பாருங்கள்.

கோயிலுக்கு மட்டுமா? விழுப்புரம் பக்கத்தில் எண்ணாயிரம். ராஜேந்திர சோழன் காலத்தில் அங்கே ஒரு கல்லூரி. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். யார் என்ன படிக்கிறார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு எத்தனை நாழி நெல் என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. காஞ்சிபுரம் வட்டாரத்தில் திருமுக்கூடல். வீரராஜேந்திரன் காலத்தில் அங்கே 15 படுக்கைகளோடு ஓர் ஆஸ்பத்திரி. வைத்தியருக்கு எவ்வளவு, அறுவை செய்பவருக்கு எவ்வளவு, மருந்து காய்ச்சுகிற பெண்களுக்கு எவ்வளவு, கையிருப்பில் இருக்கவேண்டிய மருந்துகள் என்னென்ன, எல்லாம் சுவரில். கல்விக்கும் மருத்துவத்துக்கும் அரசு தந்த மானியம், கோயிலுக்கு வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி.

கணக்கு சொல்லாதவனுக்கு என்ன தண்டனை என்பதும் கல்லில் இருக்கிறது. உத்திரமேரூர். பராந்தகச் சோழன் காலம், கி.பி. 919, 921. குடவோலை முறையில் வாரியத்துக்கு ஆள் எடுக்கிற விதிகளில் ஒன்று இது: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயர் குடத்துக்குள் போகக்கூடாது. அவன் மட்டுமல்ல, அவன் உறவுக்காரன் பெயரும் கூடாது! இன்றைக்கு இந்த விதியை அமல்படுத்தினால் எத்தனை பேர் தேறுவார்கள் என்ற ஆராய்ச்சியை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

அதற்காக அந்தக் காலமே பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. உத்திரமேரூர்ச் சபை, நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமணர்களின் சபை. மற்றவர் பெயர் குடத்தின் பக்கமே போகமுடியாது. இந்த ஊர் இவ்வளவு நெல் அளக்கவேண்டும் என்று பெரிய கோயில் கல்வெட்டில் ஊர் ஊராகப் பட்டியல் இருக்கிறது. அந்த நெல்லை விளைவித்தவனிடம் 'சம்மதமா?' என்று கேட்டதாகக் கல்வெட்டில் ஒரு வரி கிடையாது. கல் சொன்னது. கேட்கவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி பொட்டிப்புரத்தில் தேவைப்படும்.

பிறகு வெள்ளைக்காரன் வந்தான். கணக்கு எழுதுவதில் அவன் கில்லாடி. ஆனால் கல் போய் ஃபைல் வந்தது. ஃபைல் அலமாரிக்குள் போனது. 1923-ல் அலுவல் ரகசியச் சட்டம் என்று ஒன்றைப் போட்டு அலமாரியைப் பூட்டிவிட்டான். 1947-ல் அவன் போனான். சாவி மட்டும் ஆபீசிலேயே தங்கிவிட்டது.

பூட்டை உடைக்கக் கிளம்பியவர்கள் படித்த மேதாவிகள் மட்டுமல்ல. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். மேடைப் பேச்சு, மாலை மரியாதை எதுவும் இல்லை. ஊரில் நடந்ததாகச் சொல்லப்பட்ட அரசு வேலைகளின் பில்லையும் கூலிப் பதிவேட்டையும் ஊர் நடுவே சத்தமாக வாசித்தார்கள். அவ்வளவுதான். 'நான் அந்த வேலைக்கே போகவில்லையே', 'அந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது?' என்று சனங்களே கணக்கைத் தணிக்கை செய்துவிட்டார்கள். 1996-ல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா. நம் பணம், நம் கணக்கு என்பதுதான் கோஷம்.

1997-ல் தமிழ்நாடு முந்திக்கொண்டது. மாநில அளவில் தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் நாம்தான். ஆனால் இருபதுக்கு மேற்பட்ட விலக்குகள். கதவைத் திறந்துவிட்டு வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்ட மாதிரி. கடைசியில் 2005 அக்டோபர் 12 முதல் தேசிய அளவில் தகவல் அறியும் உரிமைச் சட்டம்.

பத்து ரூபாய் கட்டிக் கேள்வி கேட்கலாம் என்பதுதான் இந்தச் சட்டத்தைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது. அதைவிட முக்கியமான இடம் நான்காவது பிரிவு. யாரும் கேட்காமலே அரசு அலுவலகங்கள் தாமாக வெளியிடவேண்டிய விஷயங்களின் பட்டியல் அது. எந்த அமைப்புக்கு எவ்வளவு பட்ஜெட், எவ்வளவு பட்டுவாடா ஆனது, மானியத்துக்கு எவ்வளவு ஒதுக்கீடு, யார் பயனாளி எல்லாம் அதில் உண்டு. மக்களைப் பாதிக்கிற ஒரு முக்கிய முடிவை அறிவிக்கும்போது அது சம்பந்தமான எல்லாத் தகவலையும் வெளியிடவேண்டும். பாதிக்கப்படுகிறவர்களுக்குக் காரணம் சொல்லவேண்டும். எப்படிச் சொல்லவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. உள்ளூர் மொழியில், அந்த வட்டாரத்துக்கு எது எடுபடுமோ அந்த வழியில்.

படிக்கவே ஜோராக இருக்கிறது, இல்லையா? இப்போது மலையடிவாரத்துக்குத் திரும்புவோம்.

ஜனவரி 26, மே தினம், ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று பொட்டிப்புரம் மாதிரி ஊராட்சிகளில் கிராம சபை கூடும். ஊராட்சியின் வரவு செலவை அங்கே வைக்கவேண்டும். தெருவிளக்குக்கு எவ்வளவு, குடிநீர்க் குழாய்க்கு எவ்வளவு, நூறு நாள் வேலைக்கு எவ்வளவு. லட்சங்களில் இருக்கிற கணக்கு. இதை வாசித்தே ஆகவேண்டும் என்பது விதி. 1500 கோடிக்கு அப்படி ஒரு விதி இல்லை!

இன்னும் ஒரு வேடிக்கை. பெரிய சுரங்கமோ ஆலையோ வருவதாக இருந்தால் 2006-ம் வருடத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி பொதுவாக மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தவேண்டும். கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. மலைக்குள் இரண்டு கிலோமீட்டர் குகைப்பாதை தோண்டுகிற இந்தத் திட்டம் எந்த வகையில் சேர்க்கப்பட்டது தெரியுமா? கட்டடம்! அடுக்குமாடிக் குடியிருப்பு எந்த வகையோ அதே வகை. அதனால் கருத்துக் கேட்புக் கூட்டம் அவசியமில்லை என்றாகிவிட்டது. விஞ்ஞானிகள் ஊருக்கு வரவில்லை என்று சொல்லமுடியாது. வந்தார்கள், கூட்டம் போட்டு விளக்கினார்கள். ஆனால் வந்து விளக்குவது வேறு. உன் பதிலைக் குறித்துக்கொள்கிறேன், அது முடிவை மாற்றலாம் என்று சட்டப்படி கேட்பது வேறு.

நேரத்துக்குச் சொல்லாததெல்லாம் கோர்ட்டில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. 2015 மார்ச்சில், வைகோ தொடுத்த வழக்கில், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இல்லாமல் வேலை தொடங்கக்கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியையே நிறுத்திவைத்தது. காரணங்களைக் கேளுங்கள். சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு அதற்கான அங்கீகாரம் இல்லை. இடம், கேரளாவின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இது ரகசியமா? மேப்பை விரித்தால் தெரிகிற தூரம்.

2018 மார்ச்சில் 'சிறப்பு நேர்வு' என்று மத்திய அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. அதே வருஷம் நவம்பரில் அந்த அனுமதியை ரத்து செய்ய மறுத்த தீர்ப்பாயம், தேசிய வன உயிரின வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. 2022 பிப்ரவரியில், இது புலிகள் நடமாடும் வழித்தடம், அனுமதிக்கமாட்டோம் என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தது. அம்பரப்பர் மலை அப்படியே நிற்கிறது.

ஜெயித்தது யார்? பொட்டிப்புரத்துக்காரர்களுக்கு மலை மிஞ்சியது, நிஜம். ஆனால் வாழ்க்கையில் பல வருஷங்களை இதற்காகக் கொடுத்த விஞ்ஞானிகள் இருக்கிறார்களே? நம் அறிவிப்பு வந்து ஐந்தாவது நாள், 2015 ஜனவரி 10-ல், இதே நியூட்ரினோவின் நிறை வரிசையைக் கண்டுபிடிக்கச் சீனா ஜூனோ என்ற ஆய்வகத்துக்குப் பூமி பூஜை போட்டது. 2025 ஆகஸ்டில் அது தகவல் சேகரிக்க ஆரம்பித்துவிட்டது. அங்கே யாரைக் கேட்டார்கள் என்பது வேறு கதை. கேட்காமல் செய்ய சீனாவால் முடியும். நம்மால் முடியாது. முடியவும் கூடாது. அப்படியென்றால் முதலிலேயே கேட்டுவிடுவதுதானே புத்திசாலித்தனம்?

ஒரு பேச்சுக்கு யோசித்துப் பாருங்கள். எல்லாம் முடிவாவதற்கு முன்னால் ஒரு கிராம சபை. அரச மரத்தடி. மைக்கில் ஒருவர் தமிழில் வாசிக்கிறார். இவ்வளவு பணம், இந்தத் துறை தருகிறது, இத்தனை டன் பாறை வெட்டுவோம், இங்கே கொட்டுவோம், இவ்வளவு தண்ணீர் எடுப்போம், மாடு இதுவரை போகலாம், பூங்கா இத்தனை கிலோமீட்டர். வாசித்துவிட்டு, 'இப்போது நீங்கள் சொல்லுங்கள்' என்று உட்காருகிறார்.

ஊர் 'சரி' என்று சொல்லியிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 'வேண்டாம், ரோடு போடுங்கள்' என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அந்தப் பதில் ஏழெட்டு வருஷ வழக்குக்குப் பிறகு கிடைப்பதற்குப் பதில், ஒரே சாயங்காலத்தில் கிடைத்திருக்கும்.