ஆடிக்காத்தும் கடல் விடுற மூச்சும்

ஆடி மாசம் வள்ளியூர்ல பஸ்ஸுக்கு நின்னிருக்கீங்களா? ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வர்ற காத்து ஆளையே தள்ளும். அந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிக்கிறதே அதனாலதான். ஆனா காத்து அங்கயே நின்னுடறதில்ல. இடிந்தகரை, உவரி தாண்டி கடலுக்குப் போகுது. அங்க அது பார்க்கிற வேலை கண்ணுக்குத் தெரியாது: கடலுக்கும் வானத்துக்கும் நடுவுல வாயுக்களை மாத்தி விடுறது.

1950-கள் வரைக்கும் பல விஞ்ஞானிகள் நிம்மதியா இருந்தாங்க. ஆலைப்புகையில வர்ற கார்பன் டை ஆக்சைடைக் கடல் முழுங்கிடும்னு நினைச்சாங்க. 1957-ல கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரோஜர் ரெவெலும் ஹான்ஸ் சூஸும் ஒரு கட்டுரை எழுதினாங்க. வாயு சுமார் பத்து வருஷத்துல கடலுக்குள்ள போயிடுதுன்னு கணக்கு சொன்னது. அப்போ பிரச்சினை தீர்ந்ததுன்னுதானே தோணும்? ரெவெலுக்கு மனசு கேக்கல. கட்டுரை முடியற நேரத்துல இன்னொரு விஷயத்தைச் சேர்த்தார்: கடல்நீரோட வேதியியல் எதிர்த்துத் தள்ளும், உள்ள போனதுல பெரும்பகுதி திரும்ப வெளிய வந்துடும். என்னைக் கேட்டா, கட்டுரையோட உயிரே அந்தச் சேர்க்கைதான்.

அடுத்து நம்ம பக்கம் வந்தாங்க. சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வோட பகுதியா, 1962-63-ல ஸ்கிரிப்ஸோட 'லூசியாட்' பயணம் நடந்தது. சார்ல்ஸ் கீலிங் குழுவுக்காக கடல்மட்டத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை அதுல அளந்தாங்க. முறை எளிமையானது. கடல்தண்ணிய மூடின பெட்டிக்குள்ள ஷவர் மாதிரி தெளிச்சா, உள்ள இருக்கிற காத்துக்கும் தண்ணிக்கும் வாயு சமமாகும். அந்தக் காத்தை அளந்தா போதும்.

அந்த ஆய்வோட தொடர்ச்சியா 1966-ல தேசியக் கடலியல் நிறுவனம் வந்தது. 1990-கள்ல அதோட விஞ்ஞானிகள் 'சாகர் கன்யா' கப்பல்ல அரபிக்கடலை அளந்தாங்க. கடல் வாங்கல, கொடுத்துக்கிட்டு இருந்தது!

காரணம் அதே தென்மேற்குக் காத்து. அது மேல்தண்ணிய விலக்கினா ஆழத்துக் குளிர்தண்ணி மேல வரும். மேல இருந்து விழுந்து மக்கினதெல்லாம் கரைஞ்ச தண்ணி அது, வாயு நிறைஞ்சிருக்கும். கோலி சோடாவைத் திறந்த கதைதான். காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா, வாயு மாறுற வேகம் கிட்டத்தட்ட நாலு மடங்காகும்.

கன்னியாகுமரி முனையிலும் அந்த சீசன்ல இப்படிக் குளிர்தண்ணி மேல வருது. கூடவே உரச்சத்தும் வரும். அதைத் தின்னு பாசி வளரும், வளரும்போது வாயுவைத் திரும்ப இழுத்துக்கும். அந்தப் பாசியை நம்பித்தான் சாளை மீன் கூட்டம் வருது.