இழுதுமீனின் ஊசி: ஒரு வேகத்தை அளந்த கதை

கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் இழுதுமீனைக் குச்சியால் புரட்டிப் பார்த்திருப்பீர்கள். கையால் மட்டும் தொடாதீர்கள். செத்துக் கிடந்தாலும் அது கொட்டும்! உயிர் போன பின்னும் இயங்கும் அந்தக் கருவிதான் எது?

இழுதுமீன், கடற்சாமந்தி, பவள உயிரி, ஹைடிரா ஆகிய யாவும் ஒரே இனக்கூட்டத்தைச் சேர்ந்தவை. இவற்றின் உணர்நீட்சிகளில் கொட்டும் செல்கள் நெருக்கமாக அமைந்துள்ளன. ஒவ்வொரு செல்லிலும் மூடியிட்ட நுண்ணிய பை ஒன்று உண்டு. அதனுள் நீண்ட குழலிழை ஒன்று சுருண்டு கிடக்கிறது. பையினுள் இருக்கும் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 150 மடங்கு! இரை உரசியதும் மூடி திறக்கிறது. சட்டைக் கையை உள்வெளியாகத் திருப்புவது போல இழை புரண்டு வெளியே பாய்கிறது. அழுத்தம் முன்கூட்டியே ஏற்றப்பட்டுவிட்டதால், விலங்கு இறந்தாலும் பை வெடிக்கும்.

இந்தப் பாய்ச்சலின் வேகம் என்ன? இதை அறிய நன்னீரில் வாழும் ஹைடிராவே உதவியது. ஆய்வகத்தில் வளர்ப்பதற்கு அது எளிது. 1744-இல் ஆபிரகாம் டிரம்பிளே என்பவர் ஹைடிராவைப் பற்றிப் புகழ்பெற்ற நூல் ஒன்றை வெளியிட்டார். அது இரை பிடிக்கும் விதத்தை அவர் கூர்ந்து நோக்கியவர். ஆயினும் வெறுங்கண்ணால் இந்த வேகத்தை அளக்க இயலுமா?

1984-இல் ஹோல்ஸ்டைன், டார்டென்ட் என்ற இருவர் விநாடிக்கு 40,000 படங்கள் எடுக்கும் கருவியை நுண்ணோக்கியுடன் பொருத்தினர். இரு படங்களுக்கு இடையே விநாடியில் 40,000-இல் ஒரு பங்கு நேரமே கழியும். அப்படியும் முதற் பாய்ச்சல் இரு படங்களுக்கு நடுவே நழுவிப் போயிற்று! கிடைத்த படங்களைக் கொண்டு, அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 40,000 மடங்கு எனக் கணித்தனர்.

2006-இல் ஹோல்ஸ்டைனும் உடன் ஆய்வாளர்களும் விநாடிக்கு 14,30,000 படங்கள் எடுத்தனர். பாய்ச்சலுக்கு ஆகும் நேரம் ஒரு மைக்ரோ விநாடிக்கும் குறைவு, வெறும் 0.7 மைக்ரோ விநாடிதான். முடுக்கமோ புவியீர்ப்பைப் போல் சுமார் 54 லட்சம் மடங்கு!

மாணவர்களே, நீங்களே சரிபாருங்கள். ஊசி கடக்கும் தொலைவு சுமார் 0.013 மில்லிமீட்டர். அதை 0.7 மைக்ரோ விநாடியால் வகுத்தால் சராசரி வேகம் விநாடிக்குச் சுமார் 18 மீட்டர் எனக் கிடைக்கும். சாலையில் விரையும் பேருந்தின் வேகம்தான் இது! ஆனால் பேருந்து அந்த வேகத்தை அடையப் பல விநாடிகள் ஆகின்றன. முடுக்கம் பெரிதாவது வேகத்தால் அன்று, நேரத்தின் குறுக்கத்தால் என்பது விளங்குகிறதல்லவா?

இன்னொன்றும் கவனியுங்கள். விநாடியை 14,30,000-ஆல் வகுத்தால் கிடைப்பதும் அதே 0.7 மைக்ரோ விநாடிதான். அதாவது, அளவுகோலின் மிகச் சிறிய பிரிவும் அளந்த நேரமும் ஒன்றே. எனவே இந்த எண்ணையும் முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம். ஓர் அளவைப் படிக்கும்போது அளந்த கருவியையும் கேட்டறிவதே அறிவியல்.

கடலில் கொட்டுப்பட்டால் மணலால் தேய்க்காதீர்கள். வெடிக்காத பைகள் உங்கள் தோலின்மீது இன்னும் காத்திருக்கும்!