ஜாக்கி ராபின்சன்: கல்லூரியில் சுமாராக ஆடிய ஒரே ஆட்டம்

இன்னைக்கு எபிசோடை ஒரு நம்பர்ல இருந்து ஆரம்பிக்கலாம்: 0.097. 1940-ல் கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழக பேஸ்பால் அணியில் ஜாக்கி ராபின்சனின் பேட்டிங் சராசரி இது. கிரிக்கெட் மட்டும் பார்க்கிறவங்களுக்காகச் சொல்றேன்: பேஸ்பால்ல பத்துக்கு மூணு தடவை ஒழுங்கா அடிச்சாலே அவர் நல்ல பேட்டர். இவருக்குப் பத்துக்கு ஒண்ணு கூடத் தேறல.

மத்த ஆட்டங்களைப் பாருங்க. அமெரிக்கன் ஃபுட்பால்ல நட்சத்திரம். கூடைப்பந்தில் தங்கள் பிரிவிலேயே அதிகப் புள்ளிகள். அதே 1940-ல் நீளம் தாண்டுதலில் தேசியக் கல்லூரி சாம்பியன். ஃபுட்பால், கூடைப்பந்து, தடகளம், பேஸ்பால் என நாலு விளையாட்டிலும் அணியின் அங்கீகாரம் பெற்ற முதல் யூசிஎல்ஏ மாணவர் இவர்தான். அப்புறம் ஏன், சுமாரா ஆடின பேஸ்பால்ல போய் பேர் வாங்கினார்?

மத்த கதவெல்லாம் மூடியிருந்தது. 1934 முதல் 1945 வரை என்எஃப்எல்-ல் ஒரு கறுப்பின வீரர்கூட கிடையாது. ராபின்சனோடு ஃபுட்பால் ஆடின கென்னி வாஷிங்டன் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்களில் ஒருவர். படிப்பு முடிந்ததும் எந்த என்எஃப்எல் அணியும் அவரை எடுக்கல. வீட்டிலேயே இன்னொரு உதாரணம். ராபின்சனின் அண்ணன் மேக், 1936 பெர்லின் ஒலிம்பிக் 200 மீட்டரில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வந்து வெள்ளி வாங்கினவர். ஊர் திரும்பினதும் அவருக்குக் கிடைச்சது பாசடீனாவில் தெரு பெருக்கும் வேலை.

இதைக் கண்ணால பார்த்த தம்பி 1941-ல் பட்டம் வாங்காமலே வெளியேறினார். கறுப்பின இளைஞனுக்குப் படிப்பு வேலை வாங்கித் தராதுன்னு அவர் நினைச்சார். அம்மா மேலி வீட்டு வேலை செஞ்சு அஞ்சு பிள்ளைகளைத் தனியா வளர்த்தவங்க. அவங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

பிறகு ராணுவம். 1944-ல் பஸ்ஸில் பின் சீட்டுக்குப் போக மறுத்ததற்காக ராணுவ நீதிமன்றம் வரை போய், குற்றமற்றவர்னு விடுதலையானார்.

பேஸ்பாலின் பெரிய லீகுகளும் 1880களிலிருந்து மூடின கதவுதான். ஆனா பேஸ்பால்ல கறுப்பின வீரர்களுக்கென்று தனி லீகுகள் இருந்தன, சம்பளமும் இருந்தது. 1945-ல் கான்சஸ் சிட்டி மொனார்க்ஸ் அணியில் சேர்ந்தார். அங்கேதான் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் பிராஞ்ச் ரிக்கி கண்ணில் பட்டார். ரிக்கி தேடினது வெறும் திறமையை இல்ல. வசவைக் கேட்டும் பொறுமையா ஆடக்கூடிய, வெள்ளையரோடு ஒரே அணியில் ஆடிப் பழகின ஆளை. அந்தப் பழக்கம் யூசிஎல்ஏ மைதானத்தில் வந்தது. என் பார்வையில், அந்த 0.097-ஐ விட முக்கியமான கல்லூரிக் கணக்கு இதுதான்.

1947 ஏப்ரல் 15 அன்று டாட்ஜர்ஸுக்காக இறங்கினார். 1949-ல் சராசரி 0.342, லீகின் மிகச் சிறந்த வீரர் விருது. கென்னி வாஷிங்டனுக்கு என்எஃப்எல் கதவு திறந்தது 1946-ல். அதற்குள் அவர் முழங்கால் தேய்ஞ்சு போயிருந்தது.

2014-ல் யூசிஎல்ஏ தன் எல்லா விளையாட்டு அணிகளிலும் 42-ஆம் எண்ணை ராபின்சன் நினைவாக ஓய்வு கொடுத்துவிட்டது. அது டாட்ஜர்ஸில் அவர் போட்ட எண். யூசிஎல்ஏ ஃபுட்பாலில் அவர் போட்டது 28.