போதும்பொண்ணு: ஒரு பெயரின் கதை

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் தாலுகாவில், செம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது சித்தையன்கோட்டை பேரூராட்சி. ஊர்ப் பெயரைப் பிரித்துப் பார்த்தாலே ஓர் ஆணின் பெயர் வந்து நிற்கிறது: சித்தையன். அதிக தூரமில்லாமல் கன்னிவாடி என்று இன்னோர் ஊர். அந்தச் சொல்லில் ஒரு பெண் இருக்கிறாள். ஆனால் அவளுக்குப் பெயர் இல்லை, வெறும் 'கன்னி'! (ஊர்ப்பெயர் ஆராய்ச்சி செய்பவர்கள் வேறு விளக்கம் சொல்லலாம். சொல்லட்டும்.)

விஷயம் ஊர்ப் பெயர் அல்ல, பெண் குழந்தையின் பெயர். திண்டுக்கல், தேனி, மதுரை சமவெளிக் கிராமங்களின் வாக்காளர் பட்டியலையோ நூறு நாள் வேலைப் பட்டியலையோ கொஞ்சம் நிதானமாகப் படித்தால், ஒரு பெயர் மறுபடி மறுபடி கண்ணில் படும். போதும்பொண்ணு. சில இடங்களில் போதுமணி. வெளியூர்க்காரர்கள் முதல் தடவை கேட்கும்போது சிரிப்பார்கள். அந்தப் பெயரோடு வாழ்கிற பெண்ணுக்கு அது சிரிப்பா என்பது வேறு கேள்வி.

குழந்தைக்கு வைக்கும் பெயர் யாருக்காக வைக்கப்படுகிறது? குழந்தைக்காகத்தான் என்று நினைப்போம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பெரும்பாலும் அது வேறு யாருக்கோ சொல்லப்படும் செய்தி. சாமிக்கு, செத்துப்போன பாட்டிக்கு, ராஜாவுக்கு, கட்சித் தலைவருக்கு... சில சமயம் இன்னும் பிறக்காத தம்பிக்கு.

கொஞ்சம் பின்னால் போவோம். தஞ்சைப் பெரிய கோயில் மதிலில் முதலாம் இராஜராஜனின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 29-வது ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது கி.பி. 1014. சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள் அதில் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நக்கன் சேரமங்கை, நக்கன் சோழகுலசுந்தரி, நக்கன் ஏகவீரி, நக்கன் எடுத்தபாதம் என்று போகிறது பட்டியல். நக்கன் என்றால் சிவன். எடுத்தபாதம் என்பது நடராஜரின் தூக்கிய திருவடி. ஒரு பெண்ணுக்கு 'தூக்கிய கால்' என்று பெயர் வைக்க எவ்வளவு பக்தி, எவ்வளவு கற்பனை வேண்டும் பாருங்கள்! அந்தப் பட்டியலில் இவள் இன்னாருடைய மகள் என்ற குறிப்பு கிடையாது. எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் என்பதுதான் அடையாளம். அப்பா இனிஷியல் இல்லாத 400 பெண்கள்.

ஆனால் கோயில் மதிலில் ஏறிய பெயர்களை வைத்துக் குடியானவர் வீட்டுப் பெயர்களைக் கணக்குப் போட முடியாது. அங்கே பெயர் வைப்பது இன்னும் நேரடியான வேலை. குழந்தையை ஒரு பார்வை பார்த்தால் போதும்: கருப்பாயி, வெள்ளையம்மாள், செவத்தம்மாள். அரண்மனையிலும் இதே கதைதான். 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபின் வேலுநாச்சியார் தப்பி வந்து தங்கியது இதே திண்டுக்கல் சீமையில் உள்ள விருப்பாச்சியில். கூட வந்த மகளின் பெயர் வெள்ளச்சி. ராணி மகளானாலும் நிறம்தான் பெயர்.

இல்லாவிட்டால் குலதெய்வத்தின் பெயர், அல்லது அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர். பாட்டி பெயரை வைத்தால் ஒரு சிக்கல் உண்டு. மருமகள் மாமியார் பெயரைச் சொல்லக்கூடாது. அப்புறம் குழந்தையை எப்படிக் கூப்பிடுவது, எப்படித் திட்டுவது? அதனால் ஏட்டில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வரை 'பாப்பா', 'ஆத்தா' என்றே வளர்ந்த பெண்கள் ஏராளம்.

இனி அந்தக் கெட்ட பெயர்கள். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். குப்பம்மாள், குப்பாயி, பிச்சையம்மாள் போன்ற பெயர்களைப் பார்த்து, பெண்ணை மட்டமாக நினைத்து வைத்தது என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். தவறு. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் இறந்துபோன வீட்டில், அடுத்து பிறந்ததைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்து, குப்பை என்று பெயர் வைப்பார்கள். எமன் 'இது ஒன்றுக்கும் உதவாதது' என்று விட்டுவிடுவானாம். ஆண் பிள்ளைக்கும் இதே வைத்தியம்தான்: குப்புசாமி, பிச்சை. அது பயத்தில் பிறந்த பெயர், ஆனால் பாசத்தில் பிறந்தது. இந்தக் குழந்தை எப்படியாவது தங்க வேண்டும் என்பது அதன் அர்த்தம்.

போதும்பொண்ணு நேர் எதிர். வரிசையாக மூன்றோ நாலோ பெண் பிறந்தபின் கடைசியாக வந்தவளுக்கு வைக்கப்படுவது. சாமிக்கு ஒரு மனு, 'பொண்ணு போதும், அடுத்தது பையன்' என்று. மனு எழுதிய காகிதம்தான் அந்தக் குழந்தை. கடைசிப் பெண்ணுக்கு மங்களம், சம்பூரணம் என்று பெயர் வைத்த படித்த குடும்பங்களும் உண்டு. கச்சேரியின் முடிவில் பாடுவது மங்களம், முழுமையாக முடிந்தது சம்பூரணம். அதே மனுதான், கொஞ்சம் நாகரிகமான மொழியில்! பட்டிக்காட்டுப் பெயரைப் பார்த்து மட்டும் சிரிப்பது நியாயமில்லை.

இது ஒரு மாவட்டத்தின் பழக்கமும் அல்ல. திருத்தணி பக்கத்தில் நாராயணபுரம் என்ற கிராமத்தில் பல பெண்களுக்கு 'வேண்டாம்' என்றே பெயர் இருப்பது 2019-ல் செய்திகளில் வந்தது. மகாராஷ்டிராவில் 'நகுஷா'. மராத்தியில் வேண்டாதவள் என்று பொருள். நூற்றுக்கணக்கான மைல் இடைவெளி, வேறு மொழி, ஆனால் ஒரே சொல்.

வணிகவியல் பாடப் புத்தகத்தில் லெட்ஜருக்குப் 'பேரேடு' என்று பெயர். பேர் எழுதும் ஏடு. யார் பேரில் எவ்வளவு பற்று, எவ்வளவு வரவு என்று எழுதுவது. ஒரு குழந்தை பிறந்த அன்றே அதைப் பற்றுப் பக்கத்தில் எழுதிவிட்டால் என்ன ஆகும்? வரதட்சணை, சீர், காதுகுத்து, சடங்கு, தலைப்பிரசவம் எல்லாம் செலவுக் கணக்காகவே தெரியும். அந்தக் கணக்கு எங்கே போய் முடிந்தது என்பதற்கு அதிக தூரம் போக வேண்டாம். சித்தையன்கோட்டையிலிருந்து வத்தலக்குண்டைத் தாண்டித் தெற்கே போனால் உசிலம்பட்டி. 1986-ல் 'இந்தியா டுடே' இதழ் அந்தப் பகுதியில் நடந்த பெண் சிசுக்கொலைகளைப் பற்றி எழுதியபோது நாடே திரும்பிப் பார்த்தது. 1994-ல் பாரதிராஜா அதையே 'கருத்தம்மா' என்று படமாக எடுத்தார். கவனியுங்கள், படத்தின் தலைப்பும் ஒரு நிறப் பெயர்தான்.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால் போதும்பொண்ணு என்ற பெயர் கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது. அந்தப் பெயரை வைத்தவர்கள் குழந்தையை வளர்த்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே பால் கொடுத்தார்கள். பெயரே இல்லாமல் போன குழந்தைகளோடு ஒப்பிட்டால், 'போதும்' என்ற பெயரோடு இருந்தவள் உயிரோடு இருந்தாள். இதை ஆறுதல் என்று சொல்லவும் மனம் வரவில்லைதான்.

1992-ல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை சேலத்தில் தொடங்கியது. கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ, அரசு பார்த்துக்கொள்ளும். 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் இது விரிந்தது. தொட்டிலில் விடப்பட்ட குழந்தைக்குப் பாட்டி இல்லை, குலதெய்வம் இல்லை, சாமிக்கு மனு போடவும் ஆள் இல்லை. அவளுக்கு வைக்கப்படும் பெயரில் யாருடைய வேண்டுதலும் கிடையாது.

அதே 1992-ல் வந்தது பெண் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம். குழந்தையின் பெயரில் அரசு வைப்புத்தொகை போடும். பின்னாளில் இது ஒரே பெண் என்றால் 50,000 ரூபாய், இரண்டு பெண் என்றால் ஆளுக்கு 25,000 என்று உயர்ந்தது. பேரேட்டில் பெண் குழந்தையின் பெயர் முதல் தடவையாக வரவுப் பக்கத்துக்கு வந்தது என்று சொல்லலாம். நிபந்தனை என்ன தெரியுமா? வீட்டில் ஆண் குழந்தை இருக்கக்கூடாது, பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்திருக்க வேண்டும். அதாவது 'போதும்' என்ற சொல் குழந்தையின் பெயரிலிருந்து ஆஸ்பத்திரிச் சான்றிதழுக்கு இடம் மாறியது. நல்ல இடமாற்றம்தான். ஆனால் ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண் என்ற கணக்கு அவ்வளவு சீக்கிரம் அசையவில்லை. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்டவர்களில் 1991-ல் 948, 2001-ல் 942, 2011-ல் 943.

பெயரை மாற்றினால் என்ன? மாற்றியிருக்கிறார்கள். 2011 அக்டோபர் 22 அன்று மகாராஷ்டிராவின் சாத்தாரா மாவட்டத்தில் ஒரு விழா நடத்தி, நகுஷா என்ற பெயரோடு இருந்த 285 பெண்களுக்குப் புதுப் பெயர் சூட்டினார்கள். சிலர் ஐஸ்வர்யா ஆனார்கள், சிலர் வைஷாலி. கையில் புதுப் பெயர் எழுதிய சான்றிதழ்.

இதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. சித்தையன்கோட்டையில் கணிசமாக வாழும் முஸ்லிம்களுக்கு அது தெரிந்திருக்கும். குழந்தையின் காதில் பாங்கு சொல்லி, ஏழாம் நாள் முடியிறக்கிப் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். நல்ல பெயர் வைப்பது பெற்றோரின் கடமை என்பது அவர்கள் மார்க்கம். உமரின் மகளுக்கு 'ஆஸியா' என்று பெயர் இருந்தது, அதைக் கேட்ட நபிகள் நாயகம் அவளை 'ஜமீலா' என்று மாற்றி அழைத்தார்கள் என்கிறது ஹதீஸ். ஆஸியா என்றால் கீழ்ப்படியாதவள், ஜமீலா என்றால் அழகானவள். (இன்று பலரும் வைக்கும் ஆசியா இது அல்ல. அது பிர்அவ்னின் மனைவி பெயர். அரபியில் எழுத்தே வேறு.) பெண் குழந்தையை உயிரோடு புதைக்கும் வழக்கம் இருந்த மண்ணில் நடந்தது இது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பெயரை மாற்ற முதலில் கிளம்பியது அரசியல். 1932-ல் சோவியத் நாட்டுக்குப் போய்வந்த பெரியார், குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்றெல்லாம் பெயர் வைத்தார். பிறகு தமிழ்ச்செல்வி, கயல்விழிகளின் காலம். 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த 'பொன்னியின் செல்வன்' படித்துவிட்டு வானதி, பூங்குழலி என்று வைத்தவர்கள் எத்தனையோ பேர். வத்தலக்குண்டுக்காரரான ராஜமய்யர் 1890-களிலேயே தன் நாவலுக்குக் கமலாம்பாள் என்ற பெண்ணின் பெயரைத் தலைப்பில் வைத்துவிட்டார் என்பது இந்தப் பக்கத்துப் பெருமை. இப்போது எண்கணிதம் பார்த்து, வாயில் நுழையாத 'ஷ்', 'ஸ்ரீ' சேர்த்து வைக்கிறார்கள். கிண்டல் செய்யலாம். ஆனால் ஒன்று, குழந்தைக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதானே அந்த இரண்டு எழுத்தைக் கூடுதலாகப் போடுகிறார்கள்.

1969-ம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பெயர் இல்லாமலும் பிறப்பைப் பதியலாம். ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமலும், பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டியும் பெயரைச் சேர்க்கலாம். அவசரப்பட்டு 'போதும்' என்று எழுத வேண்டிய கட்டாயம் சட்டத்தில் எங்கும் இல்லை.

எழுதியாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்றால் அரசிதழில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதில் பழைய பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, ஊர் எல்லாம் சொல்லி, இனிமேல் இன்ன பெயரால் அழைக்கப்படுவேன் என்று அந்தப் பெண்ணே அறிவிப்பதுபோல அச்சாகும். புதுப் பெயர் வர வேண்டுமானால் பழைய பெயரையும் அதே வரியில் எழுதியே ஆக வேண்டும். கடைசியில் கையெழுத்து. அங்கே அவள் போட வேண்டியது பழைய பெயரைத்தான்.